சித்திக்கு நான் காட்டிய 14 ஸ்லைடு

போன வருஷம் மே லீவுல ஊருக்குப் போனப்போ என் சித்திக்கு ஒரு பிபிடி போட்டுக் காட்டினேன். சிரிக்காதீங்க. மொத்தம் 14 ஸ்லைடு. முதல்ல தலைப்பு, அடுத்து விபத்துப் பட்டியல், அப்புறம் படங்கள், அஞ்சாவது ஸ்லைடுல ஒரு சமன்பாடு. லேப்டாப்பை அரிசி டிரம் மேல வச்சு, நின்னுக்கிட்டே விளக்கினேன். டிபார்ட்மென்ட் செமினார்லகூட அவ்வளவு தெளிவா நான் பேசினது கிடையாது.

பத்தாவது ஸ்லைடு ஓடும்போது சித்தி எந்திரிச்சு, "டீ போடட்டுமாய்யா?"ன்னு கேட்டுச்சு. அதோட செமினார் முடிஞ்சது.

சித்தி வீடு வெம்பக்கோட்டை பக்கம். அது அப்போ வீட்டுல வச்சுக் கருந்திரி செஞ்சுக்கிட்டு இருந்தது. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்லிடறேன்: நீங்க தீபாவளிக்குக் கொளுத்துற ஒவ்வொரு வெடியிலும் ஒரு திரி நீட்டிக்கிட்டு இருக்கும் இல்லையா, அதுதான். நூல்ல மருந்து ஏத்திக் காய வச்சு, அளவு பார்த்து வெட்டினா கருந்திரி. ('மருந்து'ன்னா எங்க ஊர்ல மாத்திரை இல்லை, வெடிமருந்து.) உரிமம் வாங்கின ஆலையில, அதுக்குன்னு ஒதுக்கின அறையில செய்யலாம். வீட்டுல செய்யறது சட்டப்படி குற்றம். சிவகாசி, சாத்தூர் பக்கச் செய்தியைத் தொடர்ந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியும், 'அனுமதியின்றிக் கருந்திரி தயாரித்தவர் கைது, இத்தனை குரோஸ் பறிமுதல்'ங்கிற செய்தி மழை நிலவரம் மாதிரி வந்துக்கிட்டே இருக்கும்.

நம்ம காலேஜ்ல இந்த மாவட்டத்துப் பசங்க நிறையப் பேர் இருக்கோம். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு சித்தியோ மாமாவோ இருக்கலாம். வெடி சம்பந்தமா இல்லாட்டியும் பரவாயில்ல. ஆன்லைன் ரம்மி ஆடுற அண்ணன், சுகர் மாத்திரையை நிறுத்திட்டுக் கஷாயம் குடிக்கிற அப்பா, தங்கச்சியைப் பன்னிரண்டோட நிறுத்திக் கட்டிக்குடுக்கத் துடிக்கிற பெரியப்பா, யாராவது ஒருத்தர். கையில ஆதாரம் இருக்கும், மனசுல பாசம் இருக்கும், ஆனா பேசினா ஒண்ணும் நடக்காது. ஏன் நடக்கலைன்னு நான் மூணு தடவை தப்பும் தவறுமாக் கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன்.

முதல் தடவை, அந்த பிபிடி. ஸ்லைடுல இருந்ததெல்லாம் உண்மை. ரெண்டாவது ஸ்லைடுல 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்து. 40 பேர் வரை இறந்துபோனது. அதுக்குக் கீழ 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கத்துல அச்சங்குளம். 20 பேருக்கு மேல. நான் இதையெல்லாம் படிச்சுக் காட்டினப்போ சித்தி முகத்துல ஒரு அசைவும் இல்ல. கல்நெஞ்சம்னு நினைச்சேன். என் அறிவை நானே மெச்சிக்கிட்டேன்னும் சேர்த்துச் சொல்லணும்.

அப்புறம் டீ குடிக்கும்போது சித்தி தானாவே பேசுச்சு. "முதலிப்பட்டில செத்ததுல நெறையப் பேரு வேலைக்குப் போனவுக இல்லய்யா. மொத வெடிச் சத்தம் கேட்டு, யாரையாவது தூக்குவோம்னு ஓடுனவுக. பக்கத்து ஊர்க்காரவுக. அப்புறந்தான் பெருசா வெடிச்சது." அந்த ஊர்ப் பேரு, எந்தத் தெரு, யார் வீடு எல்லாம் அதுக்குத் தெரிஞ்சிருந்தது. நான் நெட்ல இருந்து எடுத்த எண்ணிக்கையை, அந்த எண்ணிக்கைக்குள்ள இருக்கிற ஆட்களைத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயே வாசிச்சுக் காட்டியிருக்கேன். ஆபத்துங்கிறது சித்திக்குப் புதுத் தகவலே இல்ல.

சமன்பாட்டு ஸ்லைடு இன்னும் மோசம். நான் இ.இ.இ. அதனால நிலைமின்னை விடமுடியல. மனுஷ உடம்போட மின்தேக்கு திறன் சுமார் 100 பிகோஃபாரட், நைலான் புடவை உரசி 10,000 வோல்ட் ஏறுச்சுன்னா, அரை சி வி ஸ்கொயர் போட்டா 5 மில்லிஜூல் வரும். பட்டாசு ஆலைக்குப் பருத்தித் துணிதான் உடுத்திப் போகணும், அறை வாசல்ல இருக்கிற செப்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும்னு சொல்றதெல்லாம் இதுக்காகத்தான். அலுமினியப் பொடி கலந்த மருந்துல இந்தப் பொறி எமன். ஆனா சித்தி கையில இருந்தது கருந்திரி. அதோட மருந்து நிலைமின்னுக்கு அவ்வளவு சட்டுனு பத்தாது, அடுப்புத் தீயும் பீடி நெருப்பும் உரசலும்தான் அங்க முதல் பயம். திரியைச் சித்தி எங்க காய வச்சிருந்ததுன்னு பார்த்தீங்கன்னா, அடுப்படிக்கு மேல இருக்கிற பரண்ல! தலைக்கு மேல பார்த்திருந்தாப் போதும். நான் ஸ்லைடைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ரெண்டாவது தடவை ஆயுத பூஜை லீவு. இந்தத் தடவை லேப்டாப் எடுக்கல. உட்கார்ந்து கேட்டேன். சித்தப்பா லோடு வண்டியில போறவர், வாரத்துல நாலு நாள் வீட்டுல இருக்கமாட்டார். அப்பத்தா படுத்த படுக்கை. காலைல ஏழு மணிக்கு ஃபயர் ஆபீஸ் பஸ் வரும் (எங்க பக்கம் பட்டாசு ஆலைன்னு யாரும் சொல்றதில்ல, ஆபீஸ்தான்), அதுல ஏறினா சாயங்காலம்தான் திரும்பமுடியும். அதுவரைக்கும் அப்பத்தாவை யார் புரட்டிப் படுக்க வைப்பா? அதனால ஏஜென்ட் வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கிற வேலை. அவர் 6,000 ரூபாய் முன்பணமும் குடுத்திருந்தார்.

நான் எல்லாத்துக்கும் தலையாட்டினேன். "புரியுது சித்தி"ன்னு ஒரு பத்துத் தடவை சொல்லியிருப்பேன். மனசு லேசாகிப் பஸ் ஏறினேன். ஒரு வாரம் கழிச்சு அம்மா போன்ல சொன்னாங்க: "சித்தி சந்தோசமாச் சொல்றா, மொதல்ல திட்டுனான், இப்ப புரிஞ்சுக்கிட்டான்னு."

தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் குடுத்தது ஆறுதல்னு நினைச்சேன், சித்தி எடுத்துக்கிட்டது சம்மதம். பரண்ல திரி அப்படியேதான் காஞ்சுக்கிட்டு இருந்தது.

இந்த ரெண்டாவது தப்பைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல. 'தகவலைக் கொட்டாதே, அன்பாப் பேசு'ன்னு இன்ஸ்டாகிராம்ல ஆயிரம் ரீல் வருது. ஆனா எங்க பெல்ட்ல அன்புக்கு என்னைக்கும் பஞ்சம் வந்ததில்ல. 'பாவம், பொழைச்சுப் போகட்டும்'னு உள்குத்தகையைக் கண்டுக்காம விடறதும் ஒரு இரக்கம்தான். நாலு பேர் இருக்கவேண்டிய அறையில, 'சொந்தக்காரப் புள்ள, வேலையில்லாம இருக்கு'ன்னு அஞ்சாவது ஆளைச் சேர்க்கிறதும் இரக்கம்தான். அறைக்குள்ள வெக்கையா இருக்குதேன்னு மரத்தடியில வச்சு வேலை பார்க்க விடறதும் அப்படித்தான். ஏஜென்ட்கூட என் சித்திகிட்ட "அக்கா கஷ்டப்படுறீக"ன்னுதான் பேச்சை ஆரம்பிப்பார். முதலிப்பட்டிக்கு ஓடின அந்த ஜனங்களை நினைச்சுப் பாருங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல, அவங்க மனசுக்கு ஈடு கிடையாது. உள்ள இன்னும் எவ்வளவு மருந்து இருக்கு, தீ எந்தப் பக்கம் போகுதுங்கிற அந்த ஒரு தகவல் மட்டும் அவங்க கைக்கு வந்து சேரல.

இப்போ ஹாஸ்டலுக்கு வாங்க. இந்த ஆராய்ச்சிக்கு நடுவுல ஒரு சண்டை நடந்துச்சு.

என் ரூம்மேட் சென்னைக்காரன். தீபாவளிக்கு முந்தின வாரம் அவன் மொபைல்ல டெல்லியோட காற்று மாசு அளவைக் காட்டி, "உங்க ஊர்க்காரங்களுக்கு மனசாட்சியே இல்லையாடா"ன்னான். எனக்கு வந்துச்சே கோபம். டெல்லி வண்டிப் புகை, வைக்கோல் எரிப்பு, பட்டாசைத் தயாரிக்கிறதும் அது சார்ந்த வேலையும் நம்பிப் பொழைக்கிற லட்சக்கணக்கான ஜனம், 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புல பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்து, அதுக்கப்புறம் ஆலைகள் வாரக்கணக்கா மூடிக்கிடந்த கதை, எல்லாத்தையும் மூச்சு விடாமச் சொன்னேன். அவன் பதிலுக்கு இன்னொரு படம் காட்டினான். பன்னிரண்டு மணி வரைக்கும் நடந்துச்சு. அவன் சொன்னதும் பொய் இல்ல, நான் சொன்னதும் பொய் இல்ல. ரெண்டு பேரும் ஒரு இஞ்ச் நகரல.

படுத்ததுக்கு அப்புறம்தான் உறைச்சது. அவன் எனக்குக் காட்டினது வேற ஒண்ணுமில்ல, நான் சித்திக்குக் காட்டின 14 ஸ்லைடு. அந்தப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா அது தகவல் மாதிரியே தெரியமாட்டேங்குது. 'நீ கெட்டவன், உன் சோறு பாவச்சோறு'ன்னு மட்டும்தான் காதுல விழுது.

மறுநாள் மெஸ்ல அவனே சொன்னான், அவன் தம்பிக்கு வீசிங் இருக்காம். தீபாவளி ராத்திரி ஜன்னலையெல்லாம் அடைச்சு, ஈரத்துணி தொங்கவிட்டு, இன்ஹேலரோட உட்கார்ந்திருப்பாங்களாம். இதை அவன் முந்தின நாள் சொல்லவே இல்ல, டெல்லி மாசு எண்ணைத்தான் சொன்னான். நானும் என் அம்மா கூலியைப் பத்திச் சொல்லல, லட்சம் பேருன்னுதான் சொன்னேன். அதுக்கப்புறம் பேச்சு வேற மாதிரி போச்சு. பசுமைப் பட்டாசுன்னா என்னன்னு அவன் கேட்டான். நீரி ஆய்வகம் உருவாக்கின கலவை, துகள் மாசை 30 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறதா அவங்க சொல்றாங்கன்னேன். "அப்ப மிச்சம் 70?"ன்னான். நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. ஆனா முந்தின நாள் ராத்திரி அவன் இப்படிக் கேட்டிருந்தா நான் பதிலுக்கு ஏதாவது எறிஞ்சிருப்பேன். காலையில ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம்னு தமிழ்நாட்டுல நேரம் வச்சிருக்காங்களே, அதை எங்க தெருவுல மதிக்கவே மாட்டோம்னு நானே ஒத்துக்கிட்டேன்.

இந்த மாதிரிப் பேச்சுக்கு உண்மையிலேயே பலன் உண்டான்னு அளந்து பார்த்திருக்காங்களான்னு தேடினேன். பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள். மயாமி நகரத்துல வீடு வீடாப் போய், திருநங்கை, திருநம்பிகள் மேல இருக்கிற வெறுப்பைப் பத்தி ஜனங்ககிட்ட சுமார் பத்து நிமிஷம் பேசவைச்சாங்க. போனவங்க வாதாடல. 'உங்களை யாராவது வித்தியாசமானவர்னு ஒதுக்கின அனுபவம் இருக்கா?'ன்னு கேட்டு, அவங்க கதையைச் சொல்லவிட்டு, அதுல இருந்து விஷயத்துக்கு வந்தாங்க. மனமாற்றம் குறைஞ்சது மூணு மாசம் வரைக்கும் நின்னிருக்கு. 2016-ல சயின்ஸ் இதழ்ல வந்தது.

இதுக்குப் பின்னாடி இருக்கிற கதை எனக்கு இன்னும் பிடிச்சிருந்தது. கிட்டத்தட்ட இதே முடிவைச் சொல்லி வேற ஒருத்தரோட ஆய்வு அதே இதழ்ல 2014-லயே வந்து, உலகமே கொண்டாடியிருக்கு. அதைப் போலவே செஞ்சு பார்க்கலாம்னு தரவைத் தோண்டினப்போ அது நம்புற மாதிரி இல்லைன்னு கண்டுபிடிச்சு வெளிய சொன்னதே இந்த புரூக்மனும் கல்லாவும் அவங்ககூட இருந்த இன்னொருத்தரும்தான். அந்தக் கட்டுரையை 2015-ல திரும்பப் பெற்றாங்க. அப்புறம்தான் நிஜமாவே களத்துக்குப் போய் அளந்தாங்க. 'அன்பாப் பேசினா மனசு மாறும்'ங்கிற இனிப்பான சேதிக்கே கணக்குப் பார்க்க வேண்டியிருந்திருக்கு.

இன்னொரு விஷயமும் கேள்விப்பட்டிருப்பீங்க, 'உண்மையைச் சொன்னா எதிராளி இன்னும் பிடிவாதமாயிடுவான்'னு. 2010-ல வந்த ஒரு ஆய்வை வச்சு இது பரவுச்சு. பிற்பாடு நிறையத் தலைப்புகள்ல சோதிச்சப்போ அப்படி ஆகிறது ரொம்ப அபூர்வம்னு தெரிஞ்சது. பெரும்பாலும் ஜனங்க உண்மையை ஏத்துக்கறாங்க. ஆனா ஏத்துக்கிட்ட அப்புறமும் செய்யறதைத்தான் செய்யறாங்க. என் சித்தி மாதிரியேதான். ஏன்னா நாம சொன்ன உண்மை அவங்க கையைக் கட்டிப்போட்டிருக்கிற முடிச்சைப் பத்தினதா இருக்கிறதில்ல.

அந்த முடிச்சை அவிழ்த்த ஒரு காலம் எங்க மாவட்டத்துலயே இருந்திருக்கு.

என் அம்மா தலைமுறையில தீப்பெட்டி ஆபீசுக்கும் ஃபயர் ஆபீசுக்கும் பிள்ளைங்க போனது சாதாரணம். இருட்டோட பஸ் வரும், தூக்கக் கலக்கத்துல ஏத்திவிடுவாங்க. இது ரகசியமா இருந்ததும் இல்ல. 1986-ல குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தாச்சு. 1990-ல சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'னு ஆவணப்படமே எடுத்துட்டார். தகவல் குவிஞ்சு கிடந்தது. அதே நேரம் ஒரு பொய்த் தகவலும் நல்லா ஓடிக்கிட்டு இருந்தது: தீக்குச்சி அடுக்கச் சின்ன விரல்தான் வேணும், பெரியவங்க கைக்கு வராதுன்னு. இன்னைக்கு அந்த வேலையைப் பெரியவங்களும் மெஷினும்தான் செய்யறாங்க, ஒரு குச்சியும் கீழ விழல. சின்ன விரல்ல வசதி என்னன்னா, கூலியும் சின்னதா இருந்தது.

1988-ல தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம் ஆரம்பிச்சப்போ முதல்ல எடுத்துக்கிட்ட இடங்கள்ல சிவகாசியும் ஒண்ணு. வேலையில இருந்து மீட்ட பிள்ளைங்களுக்குச் சிறப்புப் பள்ளி, மதியச் சாப்பாடு, மாசம் ஒரு சின்ன உதவித்தொகை. அடுத்து 1996 டிசம்பர் 10, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சட்டம் படிக்காத நான் இதைப் படிச்சுட்டு அசந்துட்டேன். ஒரு பிள்ளையை வேலைக்கு வச்சிருந்த முதலாளி 20,000 ரூபாய் நிதியில கட்டணும். அந்தப் பிள்ளைக்குப் பதிலா வீட்டுல ஒரு பெரியவருக்கு அரசு வேலை தேடிக் குடுக்கணும், முடியலைன்னா அரசு தன் பங்கா 5,000 ரூபாய் போடணும். பிள்ளை பள்ளிக்கூடம் போறவரைக்கும் அந்தப் பணத்தோட வட்டி குடும்பத்துக்கு. 'பிள்ளையை அனுப்பாதே'ங்கிறதோட அந்தத் தீர்ப்பு நிக்கல. 'அனுப்பலைன்னா உலை எப்படிக் கொதிக்கும்'ங்கிற அப்பனோட கேள்வியையும் காதுல வாங்கியிருக்கு. நடைமுறையில அது எழுதினபடி முழுசா நடந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா கேள்வியைச் சரியாக் கேட்டிருக்கு.

காமராஜர் ஆடு மேய்க்கிற பையனைப் பார்த்து, ஏன் ஸ்கூலுக்குப் போகலன்னு கேட்டாராம், போனா யார் சோறு போடுவான்னு பையன் திருப்பிக் கேட்டானாம். எங்க ஊர்ல பிறந்தவர்ங்கிறதால ஒவ்வொரு ஆண்டுவிழாவுலயும் ஒரு வாத்தியார் இதைச் சொல்லிடுவார். அப்படியே நடந்துச்சா, ஜனங்க கட்டினதான்னு தெரியாட்டியும், எங்க வீட்டுல நடந்தது எனக்குத் தெரியும். என் சித்தி அஞ்சாவதோட நின்னு தீப்பெட்டி ஆபீஸ் போனது. சிறப்புப் பள்ளி டீச்சர் ஒருத்தர் தாத்தாவைப் பார்க்க வந்திருக்காங்க. திண்ணையில உட்கார்ந்து முதல்ல கேட்டது, "பாப்பா வாரத்துக்கு எவ்வளவு கொண்டுவருது?" தாத்தா தொகையைச் சொல்லியிருக்கார். ரெண்டு பேரும் உட்கார்ந்து, உதவித்தொகை இவ்வளவு, மதியச் சோறு மிச்சம் இவ்வளவு, பத்தாத மிச்சத்துக்கு என்ன பண்ணலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க. அதுக்கு அப்புறம்தான் படிப்பு, சட்டம், ஜெயில் எல்லாம். சித்தி எட்டாவது வரைக்கும் படிச்சது அந்தக் கணக்குலதான்.

இந்தக் கதையை நான் சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன். அதே சித்திக்கு நான் போய் சமன்பாடு காட்டியிருக்கேன் பாருங்க.

மூணாவது தடவை, பொங்கல். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வியோட போனேன். "சித்தி, இதை விட்டுடணும்னு உங்களுக்கே எப்பவாவது தோணியிருக்கா?"

ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "பாப்பா ஸ்கூல் விட்டு வந்து, எனக்குக் கூடமாட இருக்கேன்னு கத்திரிய எடுத்துக்கிட்டுத் திரி வெட்ட உக்காருவா. அப்ப வயித்தைக் கலக்கும்யா"ன்னுச்சு. பாப்பா பன்னிரண்டாவது படிக்கிறா. என் 14 ஸ்லைடுல அவளைப் பத்தி ஒரு வரி இல்ல. இருந்ததிலேயே பெரிய காரணம் சித்தி மனசுக்குள்ளயே இருந்திருக்கு, வெளிய இருந்து நான் கொண்டுவந்தது எதுவும் அதுகிட்ட நிக்காது.

சரி, அப்போ எது விடமாட்டேங்குதுன்னு கேட்டேன். அப்பத்தா ஒண்ணு. முன்பணம் ஒண்ணு. மூணாவதா சித்தி சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்ல. "அதுபோக, இது என்ன வெடியா? வெறும் திரிதான. பக்கத்துலயே ஈரச்சாக்கு வச்சிருக்கேன்ல? பத்துனா மேல போட்டு அமுக்கிட வேண்டியதுதான்."

இங்கதான் தகவல் தேவைப்பட்டது. வடைச் சட்டியில எண்ணெய் பத்திக்கிட்டா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். மூடியைப் போட்டு மூடுவேன்னுச்சு. ஏன் அணையுது? காத்து போகாது, அதனால. "இதுக்குக் காத்தே வேண்டாம் சித்தி. மருந்துல வெடியுப்பு இருக்குல்ல, எரியறதுக்கு வேணுங்கிற காத்து அதுக்குள்ளயே இருக்கு. மேல பூச்சுப் பூசின திரி தண்ணிக்குள்ள போட்டாக்கூட எரியும். சாக்கை எடுத்துக்கிட்டு நீங்க கிட்டப் போறதுக்குள்ள பரண்ல இருக்கிறது மொத்தமும் எரிஞ்சு முடிஞ்சிரும். கீழ கேஸ் சிலிண்டர். அடுத்த ரூம்ல அப்பத்தா, எந்திரிச்சு ஓட முடியாது."

சித்தி பரணைப் பார்த்துச்சு. சாக்கைப் பார்த்துச்சு. "இதை ஏன்யா அன்னைக்கே சொல்லல?"

சொல்லியிருந்தேன். 11-வது ஸ்லைடு.

அன்னைக்கே விட்டுடுச்சுன்னு எழுதினா நல்லா இருக்கும். அப்படி நடக்கல. பரண்ல இருந்தது அன்னைக்கே கீழ இறங்குச்சு, பாப்பா கையில இருந்து கத்திரி போச்சு, ஆனா வாங்கின சரக்கை முடிச்சுக் குடுத்தாத்தான் ஏஜென்ட் கணக்கு நேராகும்னு சித்தி நின்னுச்சு. நானும் அம்மாவும் மகளிர் குழுவுல பேசினோம். 6,000 கடனா வாங்கி முன்பணத்தை அடைச்சோம், மிச்சச் சரக்கு திரும்பிப் போச்சு. அதுக்கே மாசி பிறந்துடுச்சு. இப்போ சித்தி வீட்டுல காகிதக் குழாய் உருட்டுது. மருந்தே கிடையாது, வெறும் காகிதமும் பசையும். கருந்திரியில வந்த காசு இதுல வராது. அந்தக் குறையை நான் என் பேச்சால சரிக்கட்ட முடியல. சித்தப்பா இன்னொரு டிரிப் கூடுதலாப் போறார். அப்பத்தாவைப் பார்க்க சாயங்காலம் அம்மா ரெண்டு தெரு தாண்டிப் போய் வர்றாங்க. இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு மனமாற்றம்னா, அதுல என் பங்கு ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.

போன வாரம் சித்தி போன் பண்ணுச்சு. தீபாவளி ஆர்டர் நெருக்குதுன்னு ஏஜென்ட் திரும்ப வந்தாராம், ரேட்டும் ஏத்திக் கேட்டாராம். வேண்டாம்னு சொல்லிட்டேன்னுச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. அப்புறம் குரல் இறங்குச்சு.

"நான் வேண்டாம்னதை அடுத்த வீட்டுக்காரி எடுத்துக்கிட்டாய்யா. அவளுக்கும் ரெண்டு புள்ளைக. நீ லீவுக்கு வந்தா அவகிட்ட ஒரு வார்த்தை பேசு. நானும் கூட வாறேன். அந்த லேப்டாப்ப மட்டும் எடுத்துட்டு வந்துறாத."